ஷெஃபீல்டில் நட்பு: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கோ படிப்புக்கோ வடக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு வரும் நம்மவர்கள் முதல் ஆண்டு முடிவில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் யாரும் நெருங்கி வருவதில்லை." நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தபின் அது உண்மையல்ல என்று உறுதியாகச் சொல்வேன். இந்த ஊர்க்காரர்கள் நெருங்கித்தான் வருகிறார்கள். எது அழைப்பு, எது வெறும் பிரியச் சொல் என்று பிரித்தறிய நமக்குத்தான் நாளாகிறது.

"ஒருநாள் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள்" என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். நாம் மகிழ்ந்து போகிறோம். மாதங்கள் ஓடுகின்றன, அழைப்பு வருவதில்லை, மனம் சுருங்குகிறது. இதுதான் முதல் தவறு. நாளும் நேரமும் சொல்லாத வரை அது அழைப்பே அல்ல, பிரியத்தின் வெளிப்பாடு மட்டும். அதில் பொய்யும் இல்லை. நீங்கள் விரும்பினால் "அடுத்த வியாழன் மாலை முடியுமா?" என்று கேட்டுவிடலாம். பெரும்பாலோர் உடனே நாட்குறிப்பை எடுப்பார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. ஒருமுறை நாள் குறித்துவிட்டால் அது குறித்ததுதான். நம் ஊரில் ஒரு விசேஷத்துக்குப் பத்திரிகை வைத்த பிறகும் முந்தின நாள் தொலைபேசியில் ஒரு தடவை "மறந்துவிடாதீர்கள்" என்று சொல்வார்கள். இங்கே அப்படிச் சொல்வது குறைவு. முன்பொரு தடவை, ஒரு தம்பதி மூன்று வாரங்கள் முன்கூட்டியே என்னைச் சனிக்கிழமை சாப்பிட அழைத்திருந்தார்கள். இடையில் ஒரு சொல்லும் வராததால் அது கைவிடப்பட்டது என்று நினைத்து நான் போகவில்லை. அவர்கள் சமைத்து, மேசை போட்டு, இரவு எட்டரை வரை காத்திருந்திருக்கிறார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன், "பரவாயில்லை" என்றார்கள். மீண்டும் அழைக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை.

வடக்கு இங்கிலாந்தில் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இங்கே "டீக்கு வாருங்கள்" என்றால் பல வீடுகளில் அது மாலை உணவு. ஐந்தரை, ஆறு மணிக்கே சமைத்த சாப்பாடு தட்டில் வந்துவிடும். "டின்னர்" என்பதைப் பழைய தலைமுறையினர் பலர் மதிய உணவுக்குச் சொல்கிறார்கள். சந்தேகமிருந்தால் எத்தனை மணி என்று கேளுங்கள், விளங்கிவிடும். ஏழு மணி என்றால் ஏழு ஐந்து, ஏழு பத்து சரியான நேரம். கால் மணி முன்னதாகப் போய் நிற்பது அவர்களைத் தவிக்க வைக்கும். அரை மணி தாமதித்தால் அடுப்பிலிருக்கும் உணவு கெடும். ஊரிலிருந்து வந்த தம்பியையும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தட்டுகள் எண்ணித்தான் வைக்கப்பட்டிருக்கும்.

நாம் விருந்தளிக்கும்போது செய்யும் தவறுகள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை, ஏனென்றால் அவற்றில் சில உயிருக்கே ஆபத்தானவை. விருந்தினருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே கேட்காமல் சமைக்கவே கூடாது. இந்த நாட்டுச் சட்டம் உணவகங்கள் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. நம் சமையலறையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாளிக்கும் கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருவதால் அதுவும் இருக்கிறது. குருமாவில் அரைத்துவிட்ட முந்திரி இருக்கிறது. சட்னியில் போட்ட வேர்க்கடலை இருக்கிறது. கோதுமைப் புரதமே ஆகாத நோய் உள்ளவருக்கு "இது வெறும் அரிசியும் பருப்பும்தான்" என்று நம்பிக்கையோடு சாம்பார் ஊற்றுகிறோம். ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர்களும் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் சைவம் என்று நெய்யும் தயிரும் சேர்த்தால் அவர்களுக்கு அது உணவல்ல.

பரிமாறுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் உண்பது அவர்களுக்கு மரியாதை. தட்டு காலியானால் மறுபடி வைப்பது நமக்கு மரியாதை. இந்த இரண்டு மரியாதைகளும் சந்தித்தால் விருந்தினர் மூச்சுத் திணறிப் போவார். என் வீட்டுக்கு முதன்முதலில் வந்த அண்டை வீட்டுப் பெரியவர் ஐந்து தோசை சாப்பிட்டதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். மூன்றாவதோடு அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டதைப் பிற்பாடு அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். அவர்கள் "வேண்டாம், நன்றி" என்றால் வேண்டாம் என்றே பொருள். அதேபோல் அவர்கள் வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால், நம் வழக்கப்படி முதல் தடவை மரியாதைக்கு மறுக்காதீர்கள். இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லுங்கள்.

இந்தப் பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நெடுநாள் ஆனது. எழுபது வயதைத் தாண்டியவர். "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் ஒருநாள் மெதுவாக, "அப்படிக் கூப்பிட்டால் நான் உனக்கு யாரோ என்று தோன்றுகிறது" என்றார். இங்கே பெயர் சொல்வதுதான் நெருக்கம். கடைக்காரர் உங்களை "லவ்" என்றோ "டக்" என்றோ அழைத்தால் திடுக்கிட வேண்டாம், யார்க்‌ஷயர் பக்கத்து வாஞ்சை அது. "ஆல் ரைட்?" என்பதும் நலம் விசாரிப்பு அல்ல. அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும்.

பப் என்றதும் ஒதுங்கிக்கொள்வது அடுத்த பெரிய தவறு. மது அருந்தாதவர்கள் பலர் "அது நமக்கான இடமில்லை" என்று ஒவ்வொரு தடவையும் மறுத்துவிடுகிறார்கள். மூன்று தடவை மறுத்தால் நான்காவது தடவை கேட்க மாட்டார்கள், கேட்டால் உங்களைச் சங்கடப்படுத்துவோமோ என்ற தயக்கத்தால். பப் என்பது தெருக்காரர்களின் பொதுக்கூடம் போன்றது. எலுமிச்சைச் சாறும் சோடாவும் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம், யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் ரவுண்ட் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். நால்வர் போனால் ஒருவர் எழுந்து கவுண்டருக்குப் போய் நால்வருக்கும் வாங்கி வருவார். அடுத்த சுற்று இன்னொருவருடையது. வாங்கிக் குடித்துவிட்டு உங்கள் முறை வருமுன் கிளம்பிப் போவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். சீக்கிரம் போக வேண்டியிருந்தால் முதல் சுற்றை நீங்கள் வாங்குங்கள், அல்லது "என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மற்றவர்களின் மதுவுக்கு ஏன் பணம் தர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டாவது வழி நல்லது. அதில் அவமரியாதை இல்லை.

பல பப்களில் வாரம் ஒருநாள் வினாடி வினா நடக்கும். வாரந்தோறும் தவறாமல் சேரும் குழுவில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். பேச்சுக்குத் தானாகவே பொருள் கிடைக்கிறது. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் தனி மதிப்பு உண்டு. இன்று கால்பந்து மைதானமாக இருக்கும் பிரமால் லேனில் 1902இல் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் டெஸ்ட் ஆடின. ஷெஃபீல்டு வெட்னஸ்டே என்ற கால்பந்து அணி 1867இல் பிறந்ததே புதன்கிழமைகளில் ஆடிய ஒரு கிரிக்கெட் சங்கத்திலிருந்துதான். இந்த ஒரு செய்தியைச் சொல்லி ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறேன். ஆனால் ஒருவர் வெட்னஸ்டே ரசிகரா, ஊரின் இன்னொரு அணியான ஷெஃபீல்டு யுனைடெட்டின் ரசிகரா என்று தெரியாமல் எந்த அணியையும் புகழ்ந்துவிடாதீர்கள்.

உணவகத்தில் ரசீதைப் பிடுங்கிக்கொண்டு முழுத் தொகையையும் நாமே கட்டுவது நமக்குப் பெருந்தன்மை. அவர்களுக்கு அது தலையில் ஏற்றிவைத்த கடன். தன் பங்கைத் தான் கொடுத்தால்தான் அவர்களுக்கு மனம் லேசாகிறது. பிறந்தநாள் கணக்கும் தலைகீழ். நம் ஊரில் பிறந்தநாள்காரர் விருந்து வைப்பார். இங்கே உணவகத்துக்கு அழைத்தால் அவரவர் செலவு அவரவருடையது, பல வேளைகளில் பிறந்தநாள்காரரின் பங்கையும் நண்பர்கள் பிரித்துக்கொள்வார்கள். பணமில்லாமல் போய்த் தவித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம்மவர் இருவர் ஒரு கூட்டத்தில் சேர்ந்தால் தமிழில் தாவிவிடுவதையும் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் மூன்றாமவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பார், வீட்டுக்குப் போகும்போது தனித்துப் போவார். வார இறுதி முழுவதையும் தமிழ் நண்பர்களுக்கே கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சனிக்கிழமையையாவது ஊருக்குக் கொடுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு ஷெஃபீல்டு தரும் மிகச் சிறந்த அழைப்பு, "கொஞ்சம் நடக்கப் போகலாமா?" என்பது. உடற்பயிற்சி என்று நினைத்துப் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். இந்த நகரின் எல்லைக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1951இல் பிரிட்டனில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா அது. அங்கே நடக்கும் உரிமைக்காக 1932 ஏப்ரல் 24 அன்று தொழிலாளர்கள் பலர் கிண்டர் ஸ்கவுட் மலைமேல் தடையை மீறி ஏறினார்கள். ஐவர் சிறை சென்றார்கள். மலைப்பாதையில் நடப்பது இவர்களுக்கு அவ்வளவு பெரிய பேறு. எதிரெதிரே உட்கார்ந்தால் வானிலையை விட்டு நகராத மனிதர்கள், பக்கத்தில் நடக்கும்போது தந்தையின் நோயைப் பற்றியும் முறிந்த திருமணத்தைப் பற்றியும் பேசியதைக் கேட்டிருக்கிறேன். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதாலோ என்னவோ, நடையில் வாய் திறக்கிறது. மழை வந்தாலும் நடை நிற்காது, ஆகவே நீர் புகாத மேற்சட்டையும் பிடிமானமுள்ள காலணியும் வேண்டும். திறந்து நுழைந்த வேலிக்கதவைக் கட்டாயம் சாத்துங்கள். அந்தப் பக்கம் ஆடுகள் இருக்கும்.

குளிர்காலத்தில் எல்லாமே கடினமாகிறது. டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. நண்பர்கள் கிறிஸ்துமஸுக்குத் தம் குடும்பங்களிடம் போய்விடுவார்கள். 25ஆம் தேதி ரயில்களும் ஓடாது. அன்று யாரும் அழைக்கவில்லையே என்று வருந்துவது, பொங்கலன்று நம் வீட்டுக்குள் ஒதுங்கும் நம்மைப் பார்த்து அவர்கள் வருந்துவது போன்றது. ஜனவரியில் உங்களைப் போலவே அவர்களும் தனியாகத்தான் இருக்கிறார்கள். தனிமைக்கென்றே ஓர் அமைச்சர் பொறுப்பை பிரிட்டன் அரசு 2018இல் உருவாக்கியது என்பதை மறக்காதீர்கள். அந்த மாதத்தில் செய்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே எழுதுங்கள், நாளோடும் நேரத்தோடும்: "ஞாயிறு காலை பத்து மணிக்கு ரயில் நிலையத்தில் நிற்கிறேன். மலையடியில் உள்ள ஈடேல் கிராமம் வரை போவோம், மதியம் மூன்றுக்குள் திரும்பிவிடலாம். ஃபிளாஸ்கில் காபி நான் கொண்டு வருகிறேன்."