அப்லிங்க் எம்.சி.எஸ். காப்புரிமை: தாக்கலுக்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

பினாங்கின் பாயான் லெப்பாஸிலும் கோலாலம்பூர்ப் பக்கமும் செல்போன் ரேடியோ வேலை பார்க்கும் இளம் பொறியாளர்கள் எழுதித் தரும் முதல் காப்புரிமை வரைவுகளைப் பார்த்தால், ஆள்தான் புதிது, பிழை பழையது. படத்தில் எண் மாறிப்போனது, கட்டணம் பிந்தியது, படிவத்தில் கையெழுத்து விடுபட்டது போன்றவை இங்கே வேண்டாம். அவற்றுக்கு ஒரு கடிதம் போதும். தாக்கல் செய்த தேதியோடு இறுகிப்போய், பிறகு எந்தக் காப்புரிமை ஏஜெண்டாலும் நெகிழ்த்த முடியாத பிழைகளை மட்டும் பார்ப்போம்.

பேச்சு எதைப் பற்றி என்று ஒரு வரி: போன் தன் தரவை பேஸ் ஸ்டேஷனுக்கு (செல்போன் கோபுரத்துக்கு) அனுப்பும்போது (இதுதான் அப்லிங்க்; எதிர்த் திசை டவுன்லிங்க்) எந்த மாடுலேஷனில் (அலையில் பிட்டுகளை ஏற்றும் முறை), எவ்வளவு கோடிங் (பிழை திருத்தும் கூடுதல் பிட்) சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்தான் எம்.சி.எஸ். எல்.டி.இ.யில் (4ஜி) அது 5 பிட், 0 முதல் 31 வரை.

டவுன்லிங்க் வரைவை எடுத்து அம்புக்குறியைத் திருப்புவது

அதிகம் செலவு வைப்பதும், இன்றுவரை எரிச்சல் தருவதும் இதுதான். அலுவலகத்தில் யாரோ எழுதி அனுமதி பெற்ற டவுன்லிங்க் காப்புரிமை ஒன்று இருக்கும். அதை நகலெடுத்து, ‘டவுன்லிங்க்’ என்ற இடத்திலெல்லாம் ‘அப்லிங்க்’ என்று மாற்றிவிடுவார்கள். முதல் கிளெய்ம் (காப்பு கோரும் வாசகம்) இப்படி வந்து நிற்கும்: ‘போன் அறிவிக்கும் சி.க்யூ.ஐ.யைப் பெற்று, அதன் அடிப்படையில் அப்லிங்க் எம்.சி.எஸ்.ஐத் தேர்ந்தெடுத்தல்.’

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சி.க்யூ.ஐ. என்பது டவுன்லிங்க் தனக்கு எப்படிக் கேட்கிறது என்று போன் சொல்வது. அப்லிங்க் எப்படிக் கேட்கிறது என்பது பேஸ் ஸ்டேஷனுக்குத்தான் தெரியும். போன் அளவீட்டுக்கென்றே அனுப்பும் எஸ்.ஆர்.எஸ். சிக்னலையோ, தரவோடு வரும் ரெஃபரன்ஸ் சிக்னலையோ வைத்து அதுவே அளந்துகொள்கிறது. பேண்ட் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: அப்லிங்க் 1710–1785 மெகாஹெர்ட்ஸ், டவுன்லிங்க் 1805–1880. ஒன்றுக்கொன்று 95 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் இரண்டு அலைவரிசைகளின் ஃபேடிங் (சிக்னலின் ஏற்றத்தாழ்வு) ஒன்றாக இருக்காது. டி.டி.டி.யில் இரு திசைக்கும் ஒரே அலைவரிசைதானே என்று கேட்கலாம். சானல் (அலை போய்வரும் பாதை) ஒன்றுதான், இடையூறு ஒன்றல்ல. போனைத் தொந்தரவு செய்வது பக்கத்து பேஸ் ஸ்டேஷன்கள். பேஸ் ஸ்டேஷனைத் தொந்தரவு செய்வது பக்கத்து செல்லில் இருக்கும் போன்கள்.

காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் இதைக் கண்டுபிடித்ததும் ஏஜெண்ட் ‘சி.க்யூ.ஐ.’யை எடுத்துவிட்டு ‘எஸ்.ஆர்.எஸ். அளவீடு’ என்று போடப் பார்ப்பார். முடியாது. மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1983-இன் 26ஏ பிரிவின்படி, முதலில் தாக்கல் செய்த விண்ணப்பத்தில் வெளிப்படுத்தியதைத் தாண்டித் திருத்த இடமில்லை. விவரணை (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதி) முழுக்க எஸ்.ஆர்.எஸ். என்ற சொல்லே இல்லையென்றால் கதை முடிந்தது. புதிதாக எழுதித் தாக்கல் செய்யலாமே என்றால், பரிசோதனை அறிக்கை கைக்கு வரும் காலத்தில் முன்னுரிமைக்கான (முதல் தாக்கல் தேதியையே அடுத்த விண்ணப்பத்துக்கும் கோருவதற்கான) 12 மாதம் ஓடிப்போயிருக்கும். முன்னுரிமைத் தேதியிலிருந்து 18 மாதத்தில் முதல் விண்ணப்பமும் வெளியாகிவிடும். உங்கள் காகிதமே உங்களுக்கு எதிராக மேசைக்கு வரும்.

இதே நகலில் இன்னொரு ஓட்டையும் ஒளிந்திருக்கிறது: மின்திறன். டவுன்லிங்க்கில் பேஸ் ஸ்டேஷனிடம் வேண்டிய அளவு திறன் உண்டு என்பதால் அந்த வரைவுகளில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. சாதாரண போனின் உச்சம் 23 டிபிஎம், அதாவது சுமார் 200 மில்லிவாட். அதோடு சரி.

கணக்கைப் பாருங்கள். செல்லின் ஓரத்தில் இருக்கும் போன் உச்சத் திறனில் 5 ரிசோர்ஸ் பிளாக்கில் (அலைவரிசைத் துண்டுகளில்) அனுப்புகிறது. பேஸ் ஸ்டேஷன் அதன் எஸ்.ஐ.என்.ஆர்.ஐ (இரைச்சல், இடையூறோடு ஒப்பிட்ட சிக்னல் வலிமை) 12 டிபி என்று அளக்கிறது. அடுத்த முறை ஷெட்யூலர் (பிளாக்குகளைப் பங்கிடும் பகுதி) 20 பிளாக் கொடுக்கிறது. அதே 200 மில்லிவாட் நான்கு மடங்கு அகலத்தில் பரவுவதால் ஒவ்வொரு பிளாக்குக்கும் 6 டிபி குறையும். 12 டிபிக்கு ஏற்ற எம்.சி.எஸ். 6 டிபியில் டிகோட் ஆகாது. அதே போனுக்கு உச்சத்தை எட்ட இன்னும் 10 டிபி கையிருப்பு இருந்திருந்தால், பவர் கண்ட்ரோல் 6 டிபி ஏற்றிக்கொடுக்கும். அளவீடு அப்படியே நிற்கும், கையிருப்பு 4 ஆகும். இந்தக் கையிருப்பை போன் பவர் ஹெட்ரூம் அறிக்கையில் சொல்கிறது: 6 பிட், −23 முதல் 40 டிபி வரை. அந்த எண் அறிக்கை போன நேரத்து பிளாக் எண்ணிக்கைக்கு உரியது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பல கண்டுபிடிப்புகளின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கும். கண்டுபிடித்தவரைக் கேட்டால் வெள்ளைப் பலகையில் பத்து நிமிடம் விளக்குவார். வரைவில் ஒரு வரி இருக்காது.

அட்டவணையும் வேறு. எல்.டி.இ. டவுன்லிங்க்கில் க்யூபிஎஸ்கே (மிக மெதுவான மாடுலேஷன்) 0–9, அப்லிங்க்கில் 0–10. டவுன்லிங்க்கில் 29, 30, 31 ஆகியவை மறு அனுப்பலின் மாடுலேஷனைக் குறிக்கும். அப்லிங்க்கில் அதே எண்கள் ரிடண்டன்ஸி வெர்ஷன் (மறு அனுப்பலில் எந்தப் பிட்டுகள் போகின்றன என்பது) 1, 2, 3. மாடுலேஷன் முந்தைய கிராண்டில் (பேஸ் ஸ்டேஷன் தரும் அனுப்பும் அனுமதியில்) சொன்னதுதான். 64-குவாம் என்ற வேகமான மாடுலேஷனில் அனுப்பத் தெரியாத போனுக்கு 21–28 கொடுத்தால் அது அதைவிட மெதுவான 16-குவாமிலேயே அனுப்பும். டவுன்லிங்க் அட்டவணையை அப்படியே விவரணையில் ஒட்டியிருந்தால், இந்தத் துறை தெரிந்த பரிசோதகர் இரண்டாம் பக்கத்திலேயே புருவத்தை உயர்த்துவார்.

அப்புறம் நேரம். எல்.டி.இ. எஃப்.டி.டி.யில் (இரு திசைக்கும் தனித்தனி அலைவரிசை உள்ள முறையில்) கிராண்ட் போய் 4 மில்லி விநாடி கழித்துத்தான் போன் அனுப்பும். பினாங்குப் பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில், 1750 மெகாஹெர்ட்ஸில், சானல் ஏறத்தாழ 3 மில்லி விநாடியில் மாறிவிடும். எஸ்.ஆர்.எஸ். இடைவெளியோ 2 முதல் 320 மில்லி விநாடி வரை. ஆக, அளந்தபோது இருந்த சானல் அனுப்பும்போது இருக்காது. உங்கள் முறை இந்தப் பழைய அளவீட்டை ஏதாவது செய்து சரிக்கட்டுகிறதா? செய்கிறது என்றால் அதுவே கிளெய்ம் ஆகலாம்.

ஆகவே விவரணையில் வரிசையாக எழுதுங்கள்: யார் அளக்கிறார், எந்தச் சிக்னலை, எத்தனை பிளாக் அகலத்தில், எப்போது, கையிருப்பு எப்படிக் கணக்கில் வருகிறது, யார் முடிவெடுக்கிறார், முடிவு எந்தச் செய்தியில் போகிறது, போன் அதைப் பெற்று என்ன செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு மாற்று வழியும் சொல்லிவையுங்கள். எல்.டி.இ.யில் முடிவு பேஸ் ஸ்டேஷனுடையது. 3ஜி-யின் எச்.எஸ்.யு.பி.ஏ.யில் கிராண்டுக்குள் போனே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். வைஃபை 6-இல் ஆக்ஸஸ் பாயிண்ட் தன் டிரிகர் ஃபிரேமில் சொல்லிவிடும். உங்களுடையது இவற்றில் எது என்று தெரியாத வரைவைத் தேடலுக்குக்கூட உட்படுத்த முடியாது.

ஒரே கிளெய்மில் இரண்டு பேர்

‘பேஸ் ஸ்டேஷன் அளக்கிறது, போன் அனுப்புகிறது’ என்று ஒரே முறைக் கிளெய்மில் எழுதினால், மீறுபவர் யார்? பேஸ் ஸ்டேஷன் நிறுவனத்துடையது, போன் பயனருடையது. எல்லாப் படிகளையும் செய்யும் ஒருவர் கிடைக்கமாட்டார். பேஸ் ஸ்டேஷனுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று எனப் பிரியுங்கள். போன் பக்கத்துக் கிளெய்மில் ‘கிராண்டைப் பெறுதல்’ என்று தொடங்கினால் போதும். பேஸ் ஸ்டேஷன் எப்படி யோசித்தது என்பது அங்கே வேண்டியதில்லை.

கணக்கோடு நின்றுவிடும் கிளெய்ம்

அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு கணித முறைகளைக் காப்புரிமைக்கு வெளியே வைக்கிறது. ‘எஸ்.ஐ.என்.ஆர். மதிப்பிலிருந்து எம்.சி.எஸ். எண்ணைக் கணக்கிடுதல்’ என்று முடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த எண்ணை கிராண்டில் அனுப்பி, அந்த எம்.சி.எஸ்.ஸில் வந்ததை டிகோட் செய்வதுவரை கிளெய்ம் போக வேண்டும்.

‘உகந்த எம்.சி.எஸ்.’

எதைவிட? எழுதுங்கள், இல்லையேல் சொல்லை எடுத்துவிடுங்கள்.

ஏக்–நாக் திருத்தத்தைப் புதிதென்று நினைப்பது

டிகோட் ஆனால் (ஏக்) எஸ்.ஐ.என்.ஆர். மதிப்பீட்டைக் கொஞ்சம் ஏற்று, ஆகாவிட்டால் (நாக்) நிறைய இறக்கு. இந்த அவுட்டர் லூப் பல காலமாகப் பழக்கத்தில் உள்ளது. ‘எங்களுடையதில் இறக்கம் 0.9 டிபி, ஏற்றம் 0.1 டிபி’ என்பதும் கண்டுபிடிப்பு ஆகாது. 10 சதவீதம் பிளாக் தவறலாம் என்று இலக்கு வைத்தால் 9-க்கு 1 என்ற விகிதம் தானாக வந்துவிடும்: 0.1 × 0.9 = 0.9 × 0.1. இலக்கை 1 சதவீதமாக்கினால் 99-க்கு 1. பரிசோதகர் இதை ஒரு வரியில் எழுதிக்காட்டி, புத்தாக்கப் படி இல்லை என்று முடித்துவிடுவார். எப்போது லூப்பை நிறுத்துகிறீர்கள், நீண்ட இடைவெளிக்குப் பின் எங்கிருந்து தொடங்குகிறீர்கள், பிளாக் எண்ணிக்கை மாறும்போது பழைய திருத்தத்தை என்ன செய்கிறீர்கள் என்பவற்றில்தான் தேட வேண்டும்.

கூட்டத்துக்கு முன் ஏற்றிய ஆவணம்

செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் கூட்டத்துக்குப் போகும் தொழில்நுட்ப ஆவணங்கள் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே பொதுச் சர்வரில் ஏறிவிடும். ஏறிய நேரம்தான் கணக்கு, கூட்டத் தேதியல்ல. வெள்ளிக்கிழமை மாலை ஆவணத்தை ஏற்றிவிட்டுத் திங்கட்கிழமை விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யும் குழுக்கள் உண்டு. மலேசியாவில் தன் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டுச் சலுகை இருக்கிறது, அமெரிக்காவிலும் இருக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் இப்படிப்பட்ட வெளியீட்டுக்குச் சலுகை கிடையாது. ஐரோப்பா அந்த வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

23ஏ பிரிவு

மலேசியாவில் வசிப்பவர், காப்புரிமைப் பதிவாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் முதலில் காப்புரிமை விண்ணப்பம் செய்யவோ, செய்விக்கவோ கூடாது. இல்லையேல் அதே கண்டுபிடிப்பை இங்கே தாக்கல் செய்து, குறைந்தது இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். பதிவாளர் தடை உத்தரவு எதுவும் போட்டிருக்கக் கூடாது. மீறினால் 15,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பினாங்கில் இது நடக்கும் விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். பொறியாளர் மாலையில் கண்டுபிடிப்புப் படிவத்தைத் தலைமையகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் தூங்கும் நேரத்தில் அமெரிக்காவில் பகல்; அங்குள்ள வழக்கறிஞர் புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பத்தைத் தாக்கல் செய்துவிடுவார். கண்டுபிடித்தவரின் முகவரி பாயான் லெப்பாஸ் என்பதை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். படிவத்தின் முதல் பக்கத்திலேயே, பெயருக்குக் கீழே, ‘மலேசியாவில் வசிப்பவரா?’ என்று ஒரு கட்டம் வையுங்கள். ‘ஆம்’ என்று ஒரே ஒருவர் குறித்திருந்தாலும், அனுமதிக் கடிதம் கோப்பில் சேரும்வரை அந்தப் படிவம் நாட்டைவிட்டுப் போகக்கூடாது.