காலி தோட்டா உறைகளைக் கழுவிக் காய வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கே அமெரிக்காவில் எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு ரீலோடிங் (சுட்ட உறையில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பித் தோட்டா செய்வது) பழக வரும் புதியவர்கள், பழைய ஆட்கள் நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். சோப்பை அதிகம் கொட்டுவது, அழுக்குத் தண்ணீரை மாற்றாதது எல்லாம் ஒரே தடவையில் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அமோனியா கலந்த பாலிஷ்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. பித்தளைச் சாமான் துலக்கும் பாலிஷ் சிலவற்றில் அமோனியா இருக்கும். அதை வால்நட் ஓட்டுத் தூளில் கலந்து உறைகளைப் புரட்டித் துலக்கும் டம்ப்ளர் இயந்திரத்தில் ஓடவிட்டால் உறைகள் தங்கம் மாதிரி மின்னும், அன்றைக்கு ஒரு கெடுதலும் கண்ணில் படாது. தோட்டா உறை, சுமார் 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையை அழுத்தி இழுத்துச் செய்தது. அந்த இறுக்கம் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும், சுட்ட உறையை பழைய அளவுக்குக் கொண்டுவர மறுபடி டை என்ற அச்சில் அழுத்தும்போது இன்னும் கூடும். அதன்மேல் அமோனியாவும் ஈரமும் சேர்ந்து பட்டால் உள்ளுக்குள் விரிசல் ஓடத் தொடங்கும்.

ஆங்கிலேயர் காலத்து இந்தியாவிலேயே இது நடந்திருக்கிறது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கியிருந்த தோட்டாக்களின் உறைகள் சுடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் எங்கள் ரேஞ்சில் ஒருவர், காசு கொடுத்து வாங்கிய நல்ல .308 ரைஃபிள் உறைகளை இப்படிப் பளபளப்பாக்கி டப்பா டப்பாவாகப் பூட்டி வைத்தார். சில மாதம் கழித்து எடுத்தால் கழுத்தில் மெல்லிய கோடுகள், சுட்டவை வரிசையாகப் பிளந்தன, மிச்சமெல்லாம் எடைக்குப் போயிற்று. ரீலோடிங்குக்கென்றே விற்கும், அமோனியா இல்லை என்று எழுதியிருக்கும் பாலிஷை மட்டும் வாங்குங்கள். எழுதவில்லையா, கடையிலேயே வைத்துவிடுங்கள்.

ஓவனில் காய வைப்பது

90 டிகிரி செல்சியஸே தாராளம். அவசரப்பட்டு 250க்கு மேல் ஏற்றினால் பித்தளை உறுதி குறைந்து மென்மையாகத் தொடங்கும், அடிப்பகுதி மென்மையான உறை அழுத்தம் தாங்காமல் கிழிந்தால் சூடான வாயு சுடுபவர் முகத்துக்குத்தான் வரும். தவிர, பிரைமரின் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஈயம் படிந்த பொருளைச் சமைக்கிற ஓவனில் வைக்கவே கூடாது. துணியில் பரப்பி வெயிலில் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபேன்.

பிரைமரை எடுக்காமல் கழுவுவது

அதன் குழியில் தேங்கும் தண்ணீர் சீக்கிரம் காயாது. ஈரத்தோடு வெடிமருந்து நிரப்பினால் சரியாக எரியாமல், குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கியே பிளக்கலாம்.

சிட்ரிக் அமிலம்

கழுவும் தண்ணீரில் கால் டீஸ்பூன் போதும். அதிகமானால் உறை ரோஜா நிறமாகும்.

சமையலறைச் சல்லடை

உறைகளை வடிகட்ட இது வேண்டாம், அதே ஈயம்தான் காரணம்.

எஃகு ஊசிகள்

உறைகளைத் துலக்க டம்ப்ளரில் தண்ணீரோடு போடும் இவை கழுத்துக்குள் சிக்கியிருக்கும். ஒவ்வொரு உறையாக வெளிச்சத்தில் பாருங்கள், அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.