ரோட்டில் ஓட்டும் காரில் ரேஸ் ஹார்னஸ்: எப்படி மாட்டுவது, எப்போது கழற்றி வைப்பது

கோவையில் ராலிக்கும் டிராக்குக்கும் கார் தயார் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) வந்தாலே போன் அடிக்கும். "அண்ணா, ஸ்விஃப்ட்ல ஃபோர் பாயிண்ட் ஹார்னஸ் போடணும். தினமும் ஆபீஸ் போறதும் இதே வண்டிதான்." ஹார்னஸ் என்றால் இரண்டு தோளையும் இடுப்பையும் இறுக்கிக் கட்டும் பந்தய பெல்ட். அது காரோடு எத்தனை இடத்தில் பிடிக்கிறதோ அத்தனை பாயிண்ட், அதாவது முனை. போடலாம் தம்பி என்றுதான் சொல்வேன். கூடவே ஒரு நிபந்தனை: கம்பெனி கொடுத்த த்ரீ பாயிண்ட் பெல்ட் அதன் இடத்தில் முழுசாக வேலை செய்ய வேண்டும். ரோட்டுக்கு அந்த பெல்ட், டிராக்குக்கு ஹார்னஸ். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரின் வண்டியை நான் தொடுவதில்லை.

காரணம் இதுதான். த்ரீ பாயிண்ட் பெல்ட்டை வெறும் நாடா என்று நினைக்காதீர்கள். மோதும் கணத்தில் ப்ரீடென்ஷனர் அதை இழுத்து இறுக்குகிறது. நெஞ்சில் பாரம் ஓர் அளவைத் தாண்டினால் லோட் லிமிட்டர் கொஞ்சம் விட்டுக் கொடுக்கிறது. அப்படி முன்னால் வரும் உடம்பை ஏர்பேக் வாங்கிக்கொள்கிறது. மூன்றும் ஒன்றையொன்று நம்பி வடிவமைக்கப்பட்டவை. ரேஸ் ஹார்னஸில் இதில் எதுவும் கிடையாது. உடம்பை சீட்டோடு கட்டிவிடுகிறது, தலையை மட்டும் விட்டுவிடுகிறது. ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் இல்லாமல் வேகமாக மோதினால் தலையின் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். 2001-ல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துதான். அந்த ஆண்டு அக்டோபரில் அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் 2003-ல் ஹான்ஸைக் (தோளில் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளும் கழுத்துக் காப்பு) கட்டாயமாக்கியது.

கார் உருண்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். கூரை நசுங்கி இறங்கும்போது, த்ரீ பாயிண்ட் போட்டவரின் உடம்பு கொஞ்சமாவது பக்கவாட்டில் சாய முடியும். ஹார்னஸ் போட்டவர் நிமிர்ந்தபடியே இருப்பார். அதனால் ரோல் பார் (உருளும்போது கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்) இல்லாத காரில் ஹார்னஸ் மாட்டித் தரச் சொன்னால் மறுத்துவிடுகிறேன். சீட், ரோல் பார், ஹார்னஸ், ஹெல்மெட், ஹான்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரே பொருள். இதில் ஒன்றை மட்டும் வாங்கக் காசிருந்தால், அதைச் சேர்த்து வையுங்கள். அதுவரை டிராக்கில் த்ரீ பாயிண்ட் பெல்ட்டே போதும். சீட்டை ஒரு படி பின்னால் தள்ளி, பெல்ட்டை மாட்டி, தோள் பக்கத்தை வெடுக்கென்று இழுத்துப் பூட்ட வையுங்கள். பூட்டியபடியே பிடித்துக்கொண்டு சீட்டை முன்னால் நகர்த்துங்கள். இடுப்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முதல் சில டிராக் டேக்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

சட்டமும் இருக்கிறது. பெல்ட் போடாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி-யின் கீழ் 1,000 ரூபாய். 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்சியில் உள்ளதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஒரிஜினல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஹார்னஸோடு அவினாசி ரோட்டில் போவது இரண்டு விதத்திலும் வம்பு.

நாலா, ஆறா?

நாலு முனை ஹார்னஸ்தான் மலிவு, எல்லாரும் கேட்பதும் அதைத்தான். அதில் ஒரு பெரிய குறை உண்டு. தோள் பட்டைகள் இரண்டும் நடுவிலுள்ள பக்கிளில் சேர்கின்றன. மோதும்போது தோள் முன்னால் தள்ள, பட்டைகள் பக்கிளை மேலே இழுக்கும். அதோடு இடுப்புப் பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். ஆள் பட்டைக்கு அடியில் வழுக்கிக் கீழே போவார். கல்லீரல், மண்ணீரல், குடல் எல்லாம் அந்தப் பட்டையின் கீழ் நசுங்கும். இதைத் தடுக்கத்தான் தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை இருக்கிறது. ஐந்து முனையில் அது ஒன்று, ஆறு முனையில் இரண்டு. ஆறு முனையையே வாங்குங்கள், இடுப்பைக் கீழே பிடித்து வைப்பதில் அதுதான் மேல்.

ஒரிஜினல் சீட்டோடு நாலு முனைதான் வேண்டும் என்றால், ஷ்ராத் நிறுவனத்தின் ஏஎஸ்எம் வகையைப் பாருங்கள். ஒரு தோள் பட்டையில் மட்டும் தைத்து மடித்த பகுதி இருக்கும். மோதும்போது அது பிரிந்து கொடுக்கும், உடம்பு லேசாகத் திரும்பும், இடுப்புப் பட்டை கீழேயே நிற்கும். இந்த வசதி இல்லாத சாதாரண நாலு முனையை நான் எந்தக் காரிலும் மாட்டுவதில்லை.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8853-2016 இப்போதைய தரம், 8853/98 அதற்கு முந்தையது. லேபிளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று போட்டிருக்கும், அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை கணக்கு. பிரபல பிராண்டுகளின் பெயரில் போலிகள் ஆன்லைனில் ஏராளம். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கை ஹார்னஸ் வேண்டவே வேண்டாம். ஒரு விபத்தில் இழுபட்ட பட்டை பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், ஆனால் இழைகள் நீண்டிருக்கும்.

தோள் பட்டை எங்கே போய் முடிகிறது

வேலையில் பாதி இதுதான். பெரும்பாலானவர்கள் தோள் பட்டையைப் பின் சீட் பெல்ட்டின் கீழ் போல்ட்டில் கட்டச் சொல்வார்கள். ஓட்டை தயாராக இருக்கிறது, துளை போட வேண்டாம், அதனால் ஆசை வருகிறது. ஆனால் கோணம் பாருங்கள். பட்டை தோளிலிருந்து செங்குத்தாக இறங்கினால், மோதும்போது தோளைப் பின்னால் இழுப்பதோடு கீழேயும் அழுத்தும். 45 டிகிரியில் பட்டையின் இழுவிசையில் ஏறக்குறைய 70 சதவீதம் முதுகெலும்பை நசுக்கும் திசையில் போகிறது.

அளப்பது எளிது. சீட்டில் ஓட்டும் நிலையில் உட்காருங்கள். சீட்டில் பட்டை நுழையும் துளையிலிருந்து முனை இருக்கும் இடம் வரை ஒரு நூல் கட்டி, போனில் லெவல் ஆப்பைத் திறந்து நூலோடு வையுங்கள். எஃப்ஐஏ விதி கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் கூடாது என்கிறது. அது உச்ச வரம்பு மட்டுமே, அதைக் குறிவைக்காதீர்கள். ஹான்ஸ் போடுபவருக்கு 0 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். போன் இல்லாமலும் கணக்குப் போடலாம்: ஒரு மீட்டர் பின்னால் போகையில் 36 செ.மீ. கீழே இறங்கினால் 20 டிகிரி. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினால் 45. என் பட்டறைக்கு வரும் சின்ன ஹேட்ச்பேக்குகளில் பின் சீட் போல்ட் பெரும்பாலும் 45-ஐத் தாண்டிவிடுகிறது.

சரியான இடம் ரோல் பாரின் குறுக்குக் குழாய். சீட்டுக்குப் பின்னால், துளைகளின் உயரத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ வர வேண்டும். பட்டை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, நீளமான பட்டை நீளமாகவே இழுபடும். குழாய் சீம்லெஸ் (நீளவாக்கில் வெல்ட் மூட்டு இல்லாதது) ஆக இருக்கட்டும்: எஃப்ஐஏ அளவு 38 × 2.5 மி.மீ. அல்லது 40 × 2 மி.மீ., மெயின் ஹூப்புக்கு (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவு) 45 × 2.5 அல்லது 50 × 2. வீட்டு கேட் செய்கிற, நீளவாக்கில் வெல்ட் செய்த ஈஆர்டபிள்யூ பைப்பை வளைத்துக் கொடுக்கிற இடங்கள் உண்டு, அங்கே போகாதீர்கள். பி-பில்லரில் (முன், பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண்) மட்டும் போல்ட் போட்டு நிற்கும் தனி 'ஹார்னஸ் பார்' உருளும் காரில் கூரையைத் தாங்காது, அதை ரோல் பார் என்று நம்ப வேண்டாம்.

ரோல் பார் வந்தபின் பின் சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஹெல்மெட் இல்லாத தலைக்கு முன்னால் இரும்புக் குழாய் இருக்கிறது. குழந்தைகளை ஏற்றுகிற வண்டி என்றால் இந்தத் திட்டத்தையே கைவிடுங்கள். இதை நான் ஒவ்வொருவரிடமும் முதலிலேயே கேட்டுவிடுவேன்.

பட்டையைக் குழாயில் சுற்றும்போது மூன்று கம்பிப் பக்கிளில் அது திரும்பி வந்து இரட்டையாக மடிந்திருக்க வேண்டும். ஒரே சுற்றில் விட்டால் உருவிக்கொண்டு போகும். பக்கிள் குழாயை ஒட்டி இருக்கட்டும், வால் பத்து செ.மீ. ஆவது மிச்சம் விடுங்கள். பட்டைகள் குழாயில் பக்கவாட்டில் நகராதபடி இருபுறமும் தடுப்பு வைக்க வேண்டும்.

இடுப்பும் தொடையும்

இடுப்புப் பட்டை சீட்டின் பக்கத் துளை வழியே, கிடைமட்டத்துக்குச் சுமார் 45 முதல் 65 டிகிரியில் கீழே-பின்னே இறங்க வேண்டும். தொடையும் இடுப்பும் மடியும் இடத்தில், எலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. சீட்டின் ஓரத்துக்கு மேலே சுற்றி வந்தால் அது இடுப்பைப் பிடிக்கவே பிடிக்காது.

இன்றைய கார்களில் ஒரு சிக்கல் உண்டு. பல வண்டிகளில் உள்பக்க பக்கிள் சீட்டோடு சேர்ந்தே வருகிறது. பக்கெட் சீட்டுக்காக (உடம்பை இருபுறமும் அணைக்கும் பந்தய சீட்) ஒரிஜினல் சீட்டைக் கழற்றினால் அந்தப் பிடிமானமும் போய்விடும். புது சீட்டின் பிராக்கெட்டில் ஹார்னஸைக் கட்டச் சொல்வார்கள். எஃப்ஐஏ விதியில் பெல்ட்டை சீட்டிலோ அதன் தாங்கியிலோ கட்டக் கூடாது. தரையில்தான் புது முனை போட வேண்டும்.

ஒவ்வொரு முனையும் 1470 டெக்காநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் இழுப்பைத் தாங்க வேண்டும், தொடைப் பட்டையின் முனை 720. காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, வெறும் வாஷர் வைத்தால் துணியில் பொத்தான் பிய்வது போலப் பிய்ந்து வரும். அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 40 சதுர செ.மீ. பரப்பும் உள்ள இரும்புத் தகடு வேண்டும். நான் 75 மி.மீ. சதுரமாக வெட்டி, மூலைகளை உருட்டி, நட்டை வெல்ட் செய்து வைப்பேன். போல்ட் 7/16 யுஎன்எஃப் (அங்குல மரை) அல்லது எம்12 (12 மி.மீ. மரை), தரம் 8.8-க்குக் குறையக் கூடாது. பெரும்பாலான கார்களின் சீட் பெல்ட் போல்ட்டும் 7/16 யுஎன்எஃப் தான், ஆனால் அளந்து பார்த்துப் போடுங்கள். எம்12-ஐத் தவறாக முறுக்கி ஒரிஜினல் மரையைக் கெடுத்துவிட்டால் ரோட்டு பெல்ட்டும் போச்சு.

டிரில் எடுக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அந்த வழியாகத்தான் ஓடும், பின் சீட்டுக்கு அடியில் டேங்க் இருக்கும். துளையைச் சுற்றி ப்ரைமரும் சீலரும் பூசுங்கள், நம் மழைக்குத் தகடு துருப்பிடித்தால் பலம் பாதியாகும். ஐபோல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) போட்டால் அதன் தோள் தகட்டில் தட்டையாக உட்கார வேண்டும், கிளிப்பில் ஊசிப் பின் தவறாமல் போடுங்கள். பிராக்கெட் போட்டால் அது பட்டை இழுக்கும் திசைக்குத் திரும்பி நிற்கட்டும். குறுக்கே இழுத்தால் வளையும்.

தொடைப் பட்டையின் முனை, ஆறு முனையில், நெஞ்சுக் கோட்டிலிருந்து சுமார் 20 டிகிரி பின்னால் வர வேண்டும். சீட்டில் அதற்கான துளை இருக்க வேண்டும். ஒரிஜினல் சீட்டில் கத்தி வைத்துத் துளை போட வேண்டாம். பக்க ஏர்பேக் உள்ள சீட்டைக் கழற்றுவதானால், முதலில் பேட்டரியைத் துண்டித்து சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருங்கள்.

டிராக்கில் மாட்டும் வரிசை: முதலில் இடுப்புப் பட்டைகளைக் கீழே தள்ளி நன்றாக இறுக்குங்கள், இரண்டு பக்கமும் சமமாக. அடுத்து தோள், கடைசியாக தொடை. பக்கிள் தொப்புளுக்குக் கீழே நிற்க வேண்டும். தோளை இறுக்கும்போது அது மேலே ஏறினால் இடுப்பு தளர்வாக இருக்கிறது, மறுபடி ஆரம்பியுங்கள். மூச்சு விட முடிகிற அளவுக்கு வலுவாக இறுக்கலாம். ஸ்டீயரிங், கியர், ஹேண்ட்பிரேக், கட் ஆஃப் சுவிட்ச் எட்டுகிறதா என்று கட்டிய பிறகு பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் பக்கிளைத் திறந்து வெளியே வரப் பழகுங்கள். ஹெல்மெட்டில் ஹான்ஸ் மாட்டும் பொத்தான்கள் இருக்க வேண்டும், பைக் ஹெல்மெட்டில் அவை இருக்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஹார்னஸைக் கழற்றுங்கள். ஐபோல்ட் கிளிப் வகை வாங்கியிருந்தால் சில நிமிட வேலை. ஒரிஜினல் சீட்டை மாட்டி, த்ரீ பாயிண்ட் பெல்ட் சிக்காமல் ஓடுகிறதா, இடுப்பில் தட்டையாக உட்காருகிறதா, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். பக்கெட் சீட்டையே வைத்திருப்பவர்கள் முதலில் அந்த சீட்டுக்கு ஒரிஜினல் பக்கிளை எங்கே வைப்பது என்று தீர்த்துவிட வேண்டும். சீட்டின் உயர்ந்த ஓரம் பெல்ட்டை இடுப்பிலிருந்து தூக்கிவிட்டால் அந்த சீட் ரோட்டுக்கு ஆகாது. கழற்றிய ஹார்னஸை வெயில் படாத பையில் வையுங்கள். அழுக்கானால் லேசான சோப்பும் தண்ணீரும் போதும், ப்ளீச் கூடாது. ஓரம் பிசிறினால், தையல் விட்டால், நிறம் வெளுத்தால், அல்லது ஒரு முறை வலுவாக மோதியிருந்தால், லேபிளில் ஆண்டு மிச்சம் இருந்தாலும் புதிது வாங்குங்கள்.