‘கரண்ட் பார்’ என்று சொல்லாதீர்கள்

“கரண்ட் எவ்வளவு வருகிறது, பார்” என்றேன். பையன் சொன்னதைச் சொன்னபடியே செய்தான். வோல்டேஜ், ஆம்பியர் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு புரோபை, அதாவது அளவுக் கம்பியை, பிடுங்கி 10 ஆம்பியர் துளையில் செருகினான். குமிழைக் கரண்ட் பக்கம் திருப்பினான். இரண்டு புரோப்களையும் 12 வோல்ட் பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் வைத்தான். படீரென்று ஒரு பொறி. புரோபின் கூர்முனை உருகி மிளகாக உருண்டுவிட்டது.

“நீங்கள்தானே சார் கரண்ட் பார்க்கச் சொன்னீர்கள்?” என்றான். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். நானும் இதே பொறியைத்தான் பார்த்தேன்.

ஈரக் கையால் தொடாதே, சப்ளையை அணைக்காமல் கம்பியைப் பிரிக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வார்த்தையால் வரும் கேடுகளை.

எல்லாவற்றுக்கும் ‘கரண்ட்’

நம் பேச்சில் மின்சாரம் வந்தாலும் கரண்ட், போனாலும் கரண்ட், தொட்டால் அடிப்பதும் கரண்ட். வீட்டுப் பேச்சுக்கு அது போதும். மீட்டரைக் கையில் எடுத்தவன் அப்படிப் பேசினால் வோல்டேஜ், ஆம்பியர், வாட் மூன்றையும் அந்த ஒரே சொல் விழுங்கிவிடுகிறது.

வோல்டேஜ் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வித்தியாசம். அதனால் ‘எதற்கும் எதற்கும் இடையே?’ என்று கேட்க வேண்டும். கரண்ட் ஒரு வழியாகப் பாய்வது. அதற்கு ‘எந்தக் கம்பி வழியாக?’ என்பதே கேள்வி. அந்தக் கம்பியைப் பிரித்து, பிரித்த இடத்தில் நுழைத்தால்தான் மல்டிமீட்டரால் அளக்க முடியும்.

வோல்டேஜ் அளக்கும்போது டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். சர்க்யூட்டிலிருந்து அது எடுப்பது ஒன்றுமேயில்லை எனலாம். அதே மீட்டர் 10 ஆம்பியர் துளையில் வெறும் 0.01 ஓம் அளவில்தான் இருக்கும். மின்னோட்டத்துக்கு வழிவிட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய் பேட்டரிக்குக் குறுக்கே வைப்பது தடித்த கம்பியால் ஷார்ட் செய்வதேதான், அதாவது தடையே இல்லாத குறுக்கு வழி போடுவது. ஓம் விதிப்படி 12ஐ 0.01ஆல் வகுத்தால் 1200 ஆம்பியர். பேட்டரிக்கும் கம்பிகளுக்கும் சொந்தத் தடை இருப்பதால் அவ்வளவு பாயாது. முனையை உருக்குவதற்குப் பாய்வது போதும். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது. வீட்டு மின்சாரத்தில் இதே விளையாட்டை ஆடினால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

பொறி பறந்தால்கூட நல்லது, தவறு உடனே தெரிந்துவிடும். மில்லிஆம்பியர் பக்கம் வைத்துச் செய்தால் உள்ளே இருக்கும் சின்ன ஃபியூஸ் சத்தமில்லாமல் போய்விடும். எனக்கு அப்படி ஒருமுறை போனது. வோல்டேஜைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்ததால் மீட்டர்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாள் ஒரு போர்டில் கரண்ட் அளந்தேன்: பூஜ்யம். போர்டுக்கு 5 வோல்ட் கொடுக்கும் நல்ல 7805 ரெகுலேட்டரைக் கழற்றிப் புதியது வைத்தேன். அதற்கும் பூஜ்யம். இன்னொன்றும் வைத்தேன். மாலையில் அலுத்துப்போய் மீட்டரை எடுத்துவிட்டு சப்ளையை நேராகக் கொடுத்தபோது போர்டில் விளக்கு எரிந்தது. அறுந்த ஃபியூஸை வழியில் மாட்டி வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பழுது தேடியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எரிச்சல் வருகிறது.

கரண்ட் அளந்து முடித்த கையோடு சிவப்பு புரோபை வோல்டேஜ் துளைக்கு மாற்றிவிட்டு மீட்டரை வையுங்கள். அடுத்து எடுப்பவர் குமிழைத்தான் பார்ப்பார், துளையைப் பார்க்க மாட்டார்.

2 ஆம்பியர் அடாப்டர்

500 மில்லிஆம்பியர் கருவிக்கு இதை மாட்டினால் எரிந்துவிடுமா என்று கேட்காத மாணவர் இல்லை. வோல்டேஜும் முனைகளின் திசையும் பொருந்தினால் எரியாது. 2 ஆம்பியர் என்பது அடாப்டர் தரக்கூடிய உச்ச அளவு. அதைப் பிடித்துத் தள்ளாது. கருவி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

ஷார்ட்

வேலை செய்யாததெல்லாம் ஷார்ட் அல்ல. ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும். போன ஃபியூஸோ ஓபன், அதாவது வழி அறுந்தது.

சின்ன எம், பெரிய எம்

அலகுக்கு முன்னால் சின்ன m வந்தால் மில்லி, பெரிய M வந்தால் மெகா. இடையே நூறு கோடி மடங்கு.

நியூட்ரல், எர்த், கிரவுண்ட்

நியூட்ரலில் கருவி ஓடும் நேரமெல்லாம் கரண்ட் திரும்பிப் போகிறது. எர்த் கம்பி பழுது நேரத்துக்காகக் காத்திருப்பது. இரண்டும் ஓரிடத்தில் சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றுக்குப் பதில் மற்றதை மாட்டுகிறார்கள். எர்த்துக்குப் பதில் நியூட்ரலை உடலில் மாட்டியிருந்து, அந்த நியூட்ரல் அறுந்தால் கருவியின் உலோக உடலே அடிக்கும். எலக்ட்ரானிக்ஸில் சொல்லும் கிரவுண்ட் வேறு ஆள். பூஜ்யம் என்று நாமாக வைத்துக்கொண்ட புள்ளி அது. மண்ணோடு அதற்குத் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வீட்டு மின்சாரத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்படாத சப்ளையில் ‘கிரவுண்ட்தானே’ என்று தொட்டால் தூக்கி எறியும்.

கிலோவாட்

வாட் என்பது மின்சாரம் செலவாகும் வேகம். அதை நேரத்தால் பெருக்கினால்தான் செலவான மொத்தம். 100 வாட் விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 1 கிலோவாட்-மணி. ‘மணிக்கு 1 கிலோவாட்’ என்று எழுதிவரும் தாளை சிவப்பு மையில் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.