சாஃப்ட்வேர் இன்டர்வியூவுல நம்மாளுங்க சொதப்புற இடங்கள்

கோடிங் ரவுண்டுல முக்கால்வாசி பேரு மாட்டுறது பதில் தெரியாம இல்லங்க, கேள்விய முழுசா கேக்காமலே டைப் பண்ண ஆரம்பிச்சிடுறதால. அரேல, அதாவது வரிசையா நம்பர் வச்ச லிஸ்டுல, எந்த ரெண்டு நம்பர கூட்டினா டார்கெட் வரும்னு கேப்பாங்க, கோடிங் பழகுற சைட் லீட்கோடுல முதல் கேள்வியே அதான், பாத்தவுடனே மனப்பாடம் பண்ண ஹேஷ்மேப்ப (கீய குடுத்தா அதோட வேல்யூவ சட்டுனு எடுத்து தர்ற அமைப்பு) கொட்டிட்டு கைய கட்டிட்டு உக்காந்துடுவாங்க. அரே ஏற்கனவே சார்ட் ஆகியிருக்கா, அதாவது சின்னதுலேருந்து பெருசா அடுக்கியிருக்கா, ஒரே நம்பர் ரெண்டு தடவ வருமா, ஜோடியே இல்லன்னா என்ன ரிட்டர்ன் பண்ணணும், இதெல்லாம் யாரு கேக்கறது? சார்ட் ஆகியிருந்தா ரெண்டு முனையிலேருந்தும் பாயின்டர நகத்திட்டு வந்தாலே முடிஞ்சது, எக்ஸ்ட்ரா மெமரியே வேணாம். அந்த ஒரு கேள்விய கேக்கறாங்களான்னு பாக்கத்தான் பாதி பேரு இந்த கணக்கையே குடுக்கறாங்க.

அடுத்தது மௌன விரதம். கேமரால முகம் மட்டும் தெரியும், பத்து நிமிஷம் சத்தமே வராது. மொதல்ல ரெண்டு லூப் போடுறேன், என் ஸ்கொயர் ஆகும் (n நம்பருக்கு கிட்டத்தட்ட n×n ஸ்டெப்), அப்புறம் குறைக்கலாம்னு வாய தொறந்து சொல்லிட்டே எழுதுங்க, தப்பா போனா அவங்களே க்ளூ குடுப்பாங்க.

ரெஸ்யூம் மேட்டர். பக்கத்து டீம் காஃப்கா (சிஸ்டங்களுக்கு நடுவுல மெசேஜ் அனுப்புற டூல்) யூஸ் பண்ணாங்கன்னு உங்க ரெஸ்யூம்ல ஏத்தாதீங்க, ரெண்டாவது கேள்வியிலயே சாயம் வெளுத்துடும். ஜாவா ஆளுங்க ஹேஷ்மேப் எப்படி வேலை செய்யுதுன்னா ஜாவா 8லேருந்து ஒரே பக்கெட்டுல (டேட்டாவ பிரிச்சு வைக்கிற உள் அறை) 8க்கு மேல சேந்தா ட்ரீயா மாறலாம்னு கடகடன்னு ஒப்பிப்பாங்க, சரி ரெண்டு கீ ஒண்ணுதானான்னு பாக்குற ஈக்குவல்ஸ் மட்டும் எழுதிட்டு, எந்த பக்கெட்டுன்னு முடிவு பண்ண உதவுற ஹேஷ்கோட விட்டுட்டா என்ன ஆகும்னு கேட்டா முழிப்பாங்க. ஒரே மாதிரி கீ வேற பக்கெட்டுக்கு போயிடலாம், போட்டது திரும்ப கிடைக்காம போகலாம், அவ்ளோதான்.

ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போடுறவங்களுக்கு ஒரு வார்த்த: பேக்ரவுண்ட் செக்ல பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரிய கேக்கறாங்க, எந்த கம்பெனில எப்போ சேந்தீங்க எப்போ விட்டீங்கன்னு அதுல அப்படியே நிக்கும்.

எச்ஆர் ரவுண்ட ஈசின்னு நெனச்சுடாதீங்க. சிடிசில (உங்களுக்காக கம்பெனி வருஷத்துக்கு பண்ற மொத்த செலவு) கம்பெனி கட்டுற பிஎஃப், வேரியபிள் பே (வேலைய பொறுத்து மாறுற தொகை), சில இடத்துல இன்ஷூரன்ஸ் கூட சேத்திருப்பாங்க, மாசம் கைக்கு எவ்ளோ வரும்னு கேட்டுக்கோங்க. ஜாய்னிங் போனஸ்னா ஒரு வருஷத்துக்குள்ள போனா திருப்பி கட்டணுமான்னும் கேளுங்க. 90 நாள் நோட்டீஸ வச்சுக்கிட்டு ஒரு மாசத்துல வரேன்னு அடிச்சு விடாதீங்க. முக்கியமா ஆஃபர் லெட்டர் கைக்கு வராம இப்ப இருக்கற கம்பெனில பேப்பர் போடாதீங்க, அதாவது ராஜினாமா பண்ணாதீங்க, எச்ஆர் போன்ல எவ்ளோ இனிக்க இனிக்க பேசினாலும் சரி.