மருத்துவமனைக் கட்டுமானத்தில் கழிவு எங்கே பிறக்கிறது: கண்டறிந்து குறைக்கும் முறை

வீடு கட்டும் இடத்தில் சேரும் கழிவுக்குப் பெரும்பாலும் கைத்தவறே காரணம்: உடைந்த செங்கல், சிந்திய கலவை, மிஞ்சிய துண்டுக் கம்பி. மருத்துவமனைக் கட்டடத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒழுங்காகக் கட்டிப் பூசி, நீராற்றி முடித்த சுவரையே இடித்துக் குவிக்க நேர்கிறது. இதற்கு மேஸ்திரியைக் கடிந்துகொண்டு பயனில்லை. எந்த முடிவு எவ்வளவு தாமதமாக எடுக்கப்பட்டது என்று பார்ப்பதே முதல் வேலை.

கருவிகளிலிருந்து தொடங்குங்கள். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பல டன் எடை கொண்டது. அது உள்ளே வர அகலமான வழியும், எடை தாங்கும் தளமும், வெளி ரேடியோ அலைகளைத் தடுக்கப் பெரும்பாலும் செப்புத் தகட்டால் அமையும் கூண்டும் வேண்டும். இவற்றின் அளவுகள் நிறுவனத்துக்கு நிறுவனம், மாதிரிக்கு மாதிரி மாறும். கொள்முதல் குழு விலை பேசிக்கொண்டிருக்கும் மாதங்களில், அனுமான அளவை வைத்து அறையைக் கட்டி முடித்துவிட்டால், கருவி வந்து இறங்கும் நாளில் சுவர், தரை, கேபிள் பள்ளம் மூன்றும் உடைபடும். ஆகவே, விற்பனை நிறுவனத்தின் இட வரைபடம் கைக்கு வரும் வரை அந்த அறைகளைத் தூண், தளம் என்ற அளவிலேயே நிறுத்தி வையுங்கள். காந்தம் நுழையும் பக்கச் சுவரைக் கடைசியில் கட்டுங்கள். எக்ஸ்ரே, சி.டி. அறைகளின் சுவர்த் தடிமனையும் கதவின் ஈயத் தகட்டையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செங்கல் வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது ஃபால்ஸ் சீலிங்கிற்கு மேலே இருக்கும் இடம். குளிர்சாதனக் குழாய், ஆக்சிஜன் செல்லும் செப்புக் குழாய், தீயணைப்புக் குழாய், கேபிள் தட்டு, மேல்மாடிக் கழிவறையின் வடிகால் எல்லாம் அந்த ஒன்றிரண்டு அடிக்குள் அடங்க வேண்டும். ஒவ்வோர் ஒப்பந்ததாரரும் தனித்தனி வரைபடத்தோடு வந்தால், முந்தி வந்தவர் மாட்டியதைப் பிந்தி வந்தவர் கழற்றுவார். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் பொருத்திப் பார்த்து, குழாய் செல்லும் துளைகளுக்குக் கான்கிரீட் போடும் முன்பே ஸ்லீவ் (துளைக்கு இடம்விடும் குழாய்த் துண்டு) வைத்துவிடுங்கள். பின்னால் செய்யும் கோர் கட்டிங், அதாவது இறுகிய கான்கிரீட்டைத் துளைத்தெடுப்பது, குப்பையை மட்டுமல்லாமல், சில வேளைகளில் கான்கிரீட்டுக்குள் வெட்டுப்பட்ட கம்பியையும் விட்டுச் செல்லும்.

நோயாளி அறைகளில் ஒன்றை மட்டும் முதலில் முழுமையாக முடித்து, அதில் ஒரு கட்டிலைப் போட்டு, செவிலியரையும் மருத்துவரையும் அழைத்துக் காட்டுங்கள். ஆக்சிஜன் முனையின் உயரம் சரியா, ஸ்ட்ரெச்சர் கதவில் திரும்புகிறதா என்பதையெல்லாம் வரைபடத்தில் கையொப்பமிட்ட தலைமை மருத்துவரைவிட இரவுப் பணி செவிலியர் விரைவில் சொல்லிவிடுவார். அங்கே திருத்தியதை மற்ற அறைகளுக்குக் கொண்டு செல்லலாம்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வருவதால், அதற்கேற்ப வெட்டுப் பட்டியலைத் தயாரியுங்கள். ரெடிமிக்ஸ் கான்கிரீட்டின் கடைசி லாரியை அழைக்குமுன் மீதமுள்ள பகுதியை மீண்டும் அளந்துகொள்ளுங்கள். வினைல் தரை விரிப்பை அதன் சுருள் அகலத்துக்கேற்பத் திட்டமிடுங்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் பழைய பகுதியை இடிப்பதானால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இடிபாட்டுத் தூசியில் பரவும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, எதிர்ப்புசக்தி குன்றிய நோயாளிகளுக்கு உயிராபத்தாகலாம் என்பதால் தடுப்பு கட்டி, காற்று வார்டுப் பக்கம் போகாதபடி செய்யுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை உடைக்காமல் முழுதாகக் கழற்றுங்கள். மருத்துவக் கழிவு ஒரு கூடை கலந்தாலும் லாரிச் சுமை முழுவதும் சிக்கலாகிவிடும்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், ஒரு நாளில் 20 டன்னுக்கோ ஒரு மாதத்தில் 300 டன்னுக்கோ மேல் கழிவு சேர்ந்தால் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-கலவை என நான்காகப் பிரிக்கக் கேட்டன. இந்தப் பிரிவு எடையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆகவே வெளியேறும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பதிவேட்டில், வடிவமைப்பு மாற்றமா, கருவி மாற்றமா, குழாய் மோதலா, உடைப்பா, மிகை கொள்முதலா என்று எழுதி, மாற்றத்துக்கு உத்தரவிட்டவரின் பதவியையும் குறித்து, மாதாந்தரக் கூட்டத்தில் பில்லுக்குக் கையொப்பமிடும் முன் அந்தப் பக்கத்தை வாசிக்கச் செய்யுங்கள்.