எம்சிஎஃப்-7 செல்லில் ஃபாஸ் மரபணுவைத் தூண்டிப் பார்ப்பது எப்படி?

வளர்ச்சிக் காரணி ஒன்று மார்பகப் புற்றுநோய் செல்லின் மேல் ஒட்டினால் உட்கருவில் எந்த மரபணு, எவ்வளவு நேரத்துக்கு எழுகிறது? ஆறு குழி பிளேட்டும், ஆர்என்ஏ அளவைக் காட்டும் கியூபிசிஆர் மெஷினும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். செல் வளர்க்கவும் ஆர்என்ஏ பிரிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நடப்பது இதுதான். ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி செல்லின் மேலுள்ள தன் ஏற்பியில் ஒட்டியதும், ராஸ், ராஃப், மெக் என்று ஒன்றையொன்று தூண்டும் புரதங்கள் வழியாக ஈஆர்கே என்ற நொதி தூண்டப்படும். அது எல்க்-1 என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்ற, ஃபாஸ் மரபணு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படும். இதற்குப் புதிய புரதம் எதுவும் உருவாகத் தேவையில்லை. அதனால்தான் அத்தனை வேகம்: 30 நிமிடத்தில் உச்சம், 2 மணி நேரத்தில் ஏறக்குறைய பழைய நிலை.

1. செல். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல் வகை போதும். 1970களில் டெட்ராய்ட்டின் மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷனில் உருவானது; பெயரும் அதன் சுருக்கம்தான். ஈஜிஎஃப் ஏற்பி இதில் குறைவு. எம்டிஏ-எம்பி-468 என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் செல் வகையில் ஏராளம், சிக்னலும் பலமாக வரும். ஆனால் 6ஆம் படிக்கு எம்சிஎஃப்-7தான் வேண்டும்.

2. பட்டினி. முந்தின நாள் இரவே சீரம் இல்லாத மீடியத்துக்கு மாற்றுங்கள். எம்சிஎஃப்-7 மீடியத்தில் வழக்கமாகச் சேர்க்கும் இன்சுலினும் வேண்டாம், அதுவே ஒரு வளர்ச்சி சிக்னல். ஃபீனால் ரெட் இல்லாத மீடியமாகவும் இருக்கட்டும். அந்தச் சாயத்துக்கு லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்பது 1986லேயே தெரிந்துவிட்டது. எம்சிஎஃப்-7இல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நிறைய இருக்கிறது. போதாததற்கு, ஈஆர்கே அந்த ஏற்பியின் 118ஆவது செரினில் பாஸ்பேட் ஏற்றி, ஹார்மோன் இல்லாமலே அதைத் தூண்டவும் வல்லது. இரண்டு பாதையும் கலந்துவிட்டால் எது எதன் வேலை என்று பிரிக்க முடியாது.

3. தூண்டல். பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். பழைய மீடியத்தை உறிஞ்சிவிட்டு, ஈஜிஎஃப் கலந்த புது மீடியத்தை ஊற்றுவார்கள். ஃபாஸ் அழகாக ஏறும். ஆனால் வெறும் மீடியத்தை மாற்றினாலே ஃபாஸ் ஏறும்! திரவத்தின் உரசல், குளிர்ச்சி, கார்பன் டை ஆக்சைடு குறைந்து பிஎச் மாறுவது எல்லாமே இந்த மரபணுவை உசுப்பிவிடும். தொட்டாற்சிணுங்கி மாதிரி.

ஆகவே மீடியத்தை மாற்றாதீர்கள். ஈஜிஎஃப்பைப் பத்து மடங்கு செறிவில் கரைத்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஓரமாக விட்டு மெதுவாக அசையுங்கள். இறுதிச் செறிவு 10 நானோமோலார், அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 60 நானோகிராம். கரைசலில் 0.1% பிஎஸ்ஏ (மாட்டு சீரத்தின் அல்புமின் புரதம்) இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈஜிஎஃப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

நேரங்கள்: 0, 15, 30, 60, 120 நிமிடம். இவற்றோடு ஈஜிஎஃப் இல்லாத அதே கரைசலை ஊற்றி 30 நிமிடம் வைத்த ஒரு குழி. அந்தக் குழி இல்லாத வரைபடத்தை நான் நம்புவதே இல்லை. 120 நிமிடக் குழிக்கு முதலில் ஊற்றி, மற்றவற்றுக்கு இறங்குவரிசையில் ஊற்றினால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பிளேட் வெளியே வருமே? முடிந்தால் நேரத்துக்கு ஒரு சிறு டிஷ் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் என் விருப்பம்.

4. அறுவடை. ட்ரிப்சின் போட்டுப் பிரிக்கக் கூடாது, அதற்குள் ஃபாஸ் மாறிவிடும். மீடியத்தை உறிஞ்சியதும், செல்லைக் கரைத்து ஆர்என்ஏவைக் காக்கும் ட்ரைசாலை நேரடியாகச் செல்மேல் ஊற்றுங்கள்.

5. கியூபிசிஆர். ஒப்பீட்டு மரபணுவாக பீட்டா ஆக்டின் வேண்டாம். ஃபாஸைத் தூண்டும் எஸ்ஆர்எஃப் என்ற காரணியே ஆக்டினையும் தூண்டும். அளவுகோலே நீண்டால் அளப்பது எப்படி? ஆர்பிஎல்பி0 அல்லது டிபிபி மரபணுவை எடுங்கள். ஃபாஸின் இன்ட்ரான்கள் சிறியவை, அதனால் டிஎன்ஏ கலப்பு இருந்தால் அதுவும் பெருகும். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போடுவதைத் தவிர்க்காதீர்கள். கணக்குக்கு சாதாரண எக்செல் போதும், சிடி (சிக்னல் தெரியத் தேவையான சுழற்சி எண்) ஒன்று குறைந்தால் ஆர்என்ஏ இரு மடங்கு.

6. ஹெரெகுலின். அதே சோதனையை ஹெரெகுலின் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியை வைத்துச் செய்யுங்கள். இரண்டிலும் ஃபாஸ் எம்ஆர்என்ஏ ஏறும். ஆனால் ஈஜிஎஃப் தரும் ஈஆர்கே சிக்னல் சீக்கிரமே அடங்கிவிடும். ஹெரெகுலினுக்கு அது நீடிக்கும். நீடித்தால்தான் ஃபாஸ் புரதத்தில் பாஸ்பேட் ஏறி, அது சிதையாமல் சேரும். ஈஜிஎஃப் பெற்ற எம்சிஎஃப்-7 பெருகும், ஹெரெகுலின் பெற்றது கொழுப்புத் துளிகளைச் சேர்த்துக்கொண்டு உருமாறும். ஆகவே கியூபிசிஆரோடு நிறுத்தாமல், புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்போ-ஈஆர்கேயையும் (பாஸ்பேட் ஏறிய, அதாவது தூண்டப்பட்ட ஈஆர்கே) ஃபாஸ் புரதத்தையும் பாருங்கள். புரதத்துக்கு 60, 90 நிமிடம் முக்கியம்.

பிற்சேர்க்கை: "300 மடங்கு ஏறியிருக்கிறதே, சரியா?" என்று கேட்டிருந்தார்கள். 0 நிமிட சிடியைப் பாருங்கள். 34, 35 என்றிருந்தால் அடித்தளமே இரைச்சல், மடங்குக் கணக்கு ஊதிப்போகும். ஆர்என்ஏ அளவைக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள்.

மெக் தடுப்பான் யூ0126 போட்டும் ஃபாஸ் குறையவில்லை என்றால், அதை ஈஜிஎஃப்போடு சேர்த்து ஊற்றினீர்களா என்று பாருங்கள். 10 மைக்ரோமோலார், 30 நிமிடம் முன்னதாக. தடுப்பானைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் ஊற்றிய குழி ஒன்றும் வேண்டும்.